வாய்க்கு வராத பெயர்

என் அப்பா துறைமுகத்தில் கிரேன்காரருக்குக் கை காட்டுபவர். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாது. வீட்டிலும் அவர் அப்படித்தான். விரலை மடக்கினால் நான் வர வேண்டும், உள்ளங்கையைக் காட்டினால் நிற்க வேண்டும். நான் காய்ச்சலில் கிடந்தபோதும் வாசலில் நின்று கையை அசைத்துவிட்டுப் போனார். ஒரு நாளும் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருஷம் அவர் இறந்தார். அந்த வேலை எனக்கு வந்தது; வீட்டில் கை காட்டும் பழக்கமும்.

சென்ற மாதம் ராயபுரம் தண்டவாளத்தில் என் நாலு வயது மகள் செல்வி கரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் தள்ளிவிட்ட கூட்ஸ் பெட்டிகள் அவளை நோக்கிச் சத்தமில்லாமல் உருண்டு வந்தன. தூரத்தில் நின்ற நான் உள்ளங்கையை உயர்த்தினேன். அவளோ எனக்கு முதுகு காட்டி இருந்தாள். அவள் பெயர் என் வாய்க்கு வரவில்லை. கையை உயர்த்தியபடியே நின்றேன். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாதான் ஓடிப்போய் அவளை இழுத்தாள்.

"பேரச் சொல்லிக் கூப்டக்கூடாதா நைனா? கொயந்தைக்கு முதுவுலயா கண்ணு கீது?" என்றாள்.

இப்போது தினமும் வேலைக்குக் கிளம்புமுன் "செல்வி" என்று அழைக்கிறேன். அவளும் திரும்புகிறாள். என் முகத்தைப் பார்ப்பதில்லை; கையைத்தான் பார்க்கிறாள்.