நிறுத்தச் சொன்ன மாத்திரை

ஆரணி கொசப்பாளையத்தில் தலைவலி மாத்திரையை யாரும் மருந்தில் சேர்ப்பதில்லை. வெற்றிலை போடுகிறவன் அதைச் சாப்பாட்டுக் கணக்கிலா சேர்க்கிறான்? அப்படித்தான். விடிந்ததிலிருந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்தே உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குப் பத்துப் பதினோரு மணிக்கெல்லாம் கழுத்து இறுகிவிடும், பின்மண்டை விண்விண்ணென்று தெறிக்கும். அப்போது டீ வேண்டும், டீயோடு ஒரு மாத்திரை வேண்டும். டீக்கடைக்காரர் நீள அட்டையிலிருந்து ஒன்றிரண்டைக் கத்தரித்துக் கொடுப்பார். அதற்கு என்ன பெயர், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் கிடையாது.

ராஜம்மாளின் புருஷன் குப்புராஜ் இருபத்தைந்து வருஷமாக அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் தறியில் உட்காருவார். ராஜம்மாள் பக்கத்திலேயே ராட்டினம் போட்டு, குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். பிள்ளை குட்டி இல்லை. பேச்சும் அதிகம் கிடையாது. தறிச் சத்தத்தில் பேசி என்ன கேட்கப்போகிறது? ஆனால் அந்தத் தாரைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற வேகத்தை வைத்தே அவருக்குத் தலைவலி வந்துவிட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்பதற்கு முன்பே எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் மார்கழியில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. வாயு என்றார்கள், பூண்டு சுட்டுத் தின்னச் சொன்னார்கள். தின்றார். இரண்டாம் தடவை அடைத்தபோது ராஜம்மாளின் தம்பி வேணுகோபால் பிடிவாதமாகச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே படம் எடுத்துப் பார்த்துவிட்டு மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்துதான் ஆக வேண்டும் என்று தேதி கொடுத்தார்கள். தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. அதுவரை சாப்பிட நாலு விதமான மாத்திரை. அதில் சின்னதாக வெள்ளையாக இருந்ததைத் தனியே எடுத்துக் காட்டி, "இது ஆஸ்பிரின். ரத்தம் கட்டியாகாம இருக்கறதுக்கு. ஆபரேஷனுக்கு ஏழு நாள் முன்னாடி இத நிறுத்திடணும். நிறுத்தலன்னா அறுத்த இடத்துல ரத்தம் நிக்காது" என்றார் டாக்டர்.

ராஜம்மாள் அதை வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். ஏழாம் நாள் வந்ததும் அந்த அட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். பழக்கத்தில் அவர் கை அதைத் தேடிவிடக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதை.

ஆனால் தறியில் ஒரு கல்யாணச் சேலை இருந்தது. முந்தானைப் பக்கம் ஒன்றரை முழம் பாக்கி. வேறு யாராவது உட்கார்ந்து முடிக்கலாமே என்று கேட்கலாம். நெசவு தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். ஒருவர் பாதி நெய்த சேலையில் இன்னொருவர் உட்கார்ந்தால் அடி மாறும். ஒருத்தர் கை அழுத்தம், இன்னொருத்தர் கை இலேசு. கை மாறிய இடம் சேலையில் பட்டையாகக் கோடு போட்டுக் காட்டும். மணப்பெண் கட்டுகிற சேலையில் கோடு விழுந்தால் அதை யார் வாங்குவார்கள்?

"வாணாங்க. டாக்டரு அசையக்கூடாதுன்னு சொல்லிகீறாரு" என்றாள் ராஜம்மாள்.

"ஒன்ற மொழம்தான் கீது. கொஞ்சம் கொஞ்சமா அடிச்சிடறேன். நான் திரும்பி வராம பூட்டா இது அப்படியே தறில தொங்கிகினு இருக்கணுமா?" என்றார் அவர்.

அவள் ராட்டினத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு அரைச் சாண் என்று ஆறு நாளில் முடித்தார். ஆறு நாளும் கழுத்து இறுகியது. ஆறு நாளும் அவள் டீக்கடைக்குப் போனாள்.

புதன்கிழமை காலை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் வந்து காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள். ஆஸ்பிரின் நிறுத்தியாச்சா? ஆச்சு. எத்தனை நாள்? ஏழு நாள். வேறு ஏதாவது மாத்திரை?

"ஒண்ணும் இல்லீங்க" என்றார் குப்புராஜ்.

ராஜம்மாள் கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. "தலைவலிக்கு மட்டும் ஒண்ணு போடுவாருங்க. நேத்திக்குகூட போட்டாரு" என்றாள்.

அவள் சுருக்குப் பையில் மீதி ஒன்று இருந்தது. டாக்டர் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். பேனாவை மூடிக் கோட்டுப் பையில் வைத்துவிட்டு, "இதுவும் ஆஸ்பிரின்தாம்மா. ஒரு மாத்திரைல அதவிட அதிகமா இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான், ஆபரேஷன் தள்ளிப்போனது. அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். எந்த மாத்திரையும் வெளியில் வாங்கிப் போடக் கூடாது, நெஞ்சு வலித்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது குப்புராஜ் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது? மனசத் தயார் பண்ணிகினு வந்து படுத்தேன். இன்னொரு வாட்டி பண்ணணும்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பேஜாராகச் சொன்னார்.

அந்த வாரம் அவர் எதையும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குளித்துவிட்டு வந்து சட்டை மாட்டினார். மூன்றாவது பொத்தானில் கை நின்றது. ராஜம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வருவதற்குள் சுவர் ஓரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்தபோது உயிர் இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. மாரடித்துக்கொண்டு வந்த பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அழுதுடுடி, உள்ளயே வெச்சிகினு இருக்காத என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே வரும்? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு தாடை இருக்குமே, தொட்டால் யாருடையதோ போல, அப்படி இருந்தது அவளுக்கு முழு உடம்பும். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ராட்டினத்தைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். வேணுகோபாலிடம் இரண்டு தறி இருந்தது. அவற்றுக்குத் தார் சுற்றினாள். சோறு போட்டால் சாப்பிட்டாள். வரகூரில் திருவிழா என்று கூப்பிட்டால் போனாள், போளூரில் சாவு என்றாலும் போனாள். இரண்டுக்கும் ஒரே முகம்தான். தம்பி பெண்டாட்டி கன்னியம்மாள் முதலில் பயந்தாள், அப்புறம் பழகிவிட்டாள்.

ஒரே ஒரு நினைப்பு மட்டும் ராஜம்மாளை நிறுத்திவைத்திருந்தது. அன்றைக்கு அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மறுநாள் அறுத்திருப்பார்கள். அறுத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது. மேஜையிலேயே போயிருப்பார், வெட்டுப்பட்டுப் போயிருப்பார். அதற்கு இது மேல். முழுசாக, வீட்டில், குளித்துச் சுத்தமாகப் போனார். நாம் சொன்னது சரிதான். தார் சுற்றும்போதெல்லாம் இதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒன்பது வருஷம்.

இரண்டாயிரத்து ஏழில் வேணுகோபாலுக்கும் அதே வலி வந்தது, அதே மூன்று அடைப்பு. இப்போது வேறு ஆஸ்பத்திரி, நரைத்த தலை டாக்டர். மாத்திரைச் சீட்டை வைத்துக்கொண்டு கன்னியம்மாளிடம் விளக்கினார். "இந்த ஆஸ்பிரின் மட்டும் விடவே கூடாது. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வரைக்கும் குடுங்க."

ராஜம்மாள் பின்னால் நாற்காலியில் இருந்தாள். "நிறுத்தணும் இல்லீங்களா சார்? ரத்தம் நிக்காதே" என்றாள்.

"முன்னல்லாம் எல்லாரையும் நிறுத்தச் சொல்லுவோம். இப்பவும் சில டாக்டருங்க நிறுத்துவாங்க. நான் நிறுத்தறதில்லம்மா. ரத்தம் கொஞ்சம் கூடப் போகும், ஏத்திக்கலாம். நிறுத்திட்டுக் காத்திருக்கற நாள்லதான் சிலருக்கு அடைச்சிக்குது. எனக்கு அதுதான் பெரிய பயம்."

"அப்போ, அத சாப்பிட்டவங்கள அறுத்தா பொழைப்பாங்களா?"

"பெரும்பாலும் பொழைப்பாங்கம்மா. ஏன் கேக்கறீங்க?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நின்றாள், பஸ் ஏறினாள், வீட்டுக்கு வந்தாள். மறுநாளிலிருந்து தம்பிக்கு அந்த மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். மனசில் சொல்லிக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. ராட்டினம் வெறுமனே சுற்றியது.

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே ரத்தம் கொஞ்சம் கூடப் போனது, மூன்று பாட்டில் ஏற்றினார்கள். நாலாம் நாள் வேணுகோபாலை வார்டுக்குக் கொண்டுவந்து சாய்த்து உட்காரவைத்தார்கள். குரல் கம்மியிருந்தது. "கன்னி, தலைய வலிக்குது. ஒரு டீ வாங்கியாயேன்" என்றான். கன்னியம்மாள் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னும் சிரித்தாள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி ஓடினாள்.

அதைப் பார்த்ததும் ராஜம்மாளுக்குப் பொறாமை வந்தது. தம்பி பிழைத்ததில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் முதலில் வந்தது பொறாமைதான். டீ வாங்கியா என்று அவளைக் கேட்க ஒருத்தன் இருக்கிறான், எனக்கு இல்லையே என்று எரிந்துகொண்டு வந்தது. ஒன்பது வருஷமாகச் செத்துக் கிடந்த உடம்பு முழுக்க அது ஏறியது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, குரலெடுத்து அழுதாள்.

பிளாஸ்கோடு வந்த கன்னியம்மாள் பதறிப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். "இன்னா அண்ணி இது, அவருக்குத்தான் ஒண்ணும் ஆவலையே. நல்லாத்தான் கீறாரு, பாருங்க. எதுக்கு அழுவுறீங்க?"

"அதுக்குத்தான்டி அழுவுறேன்" என்றாள் ராஜம்மாள்.