மச்சானின் வலது கால்

இடுப்புப் பிடித்துக்கொண்டபோது நான் டாக்டரிடம் போகவில்லை. மேனாம்பேட்டில் மச்சான் வீட்டுக்குப் போய், மொசைக் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மிதிக்கச் சொன்னேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன் நான். மூடநம்பிக்கையைக் கண்டித்து அலுவலக ஆண்டு மலரில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். பகுத்தறிவு இடுப்புக்கு மேல்தான் வேலை செய்யும் என்பதை அந்தக் கட்டுரையில் குறிப்பிட விட்டுப்போயிற்று.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பகலெல்லாம் தொழிற்பேட்டையில் நின்றபடி லேத் ஓட்டிவிட்டு அவர் வீடு திரும்பினால், வாசலில் யாராவது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். முகம் சுளிக்காமல் படுக்கச் சொல்லுவார். "எங்கம்மா என்னப் பெக்க பட்ட பாடு, ஊருக்காச்சும் ஒதவட்டும் மாப்ளே" என்பார்.

அன்று எனக்காக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். "மூச்ச உடு மாப்ளே. புக்கு படிச்சுப் படிச்சு முதுகு தேக்குப் பலகை மாரி கீது." நான் கழுத்தைத் திருப்பினேன். தரையோடு தரையாகக் கிடந்ததால்தான் அது கண்ணில் பட்டது. உள்ளங்காலில், சுண்டு விரலுக்குக் கீழே, நீலம் பாய்ந்த ஓர் இரும்புச் சுருள் புதைந்திருந்தது. லேத்தில் இரும்பைக் கடையும்போது தெறிக்கும் துண்டு. ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. சுற்றிலும் சீழ்.

"மச்சான், கால்ல இரும்பு குத்தியிருக்கு!"

"எந்தக் கால்ல?" என்றார்.

மிதிபடாமலேயே எழுந்து நின்ற முதல் ஆள் நான்தான்.

முள் குத்தினால் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அது மூளை போட்ட உத்தரவு அல்ல. பாதத்திலிருந்து சேதி தண்டுவடத்துக்குப் போனதுமே, "இழு" என்று அங்கிருந்தே ஆணை திரும்பிவிடுகிறது. மூளைக்கு வலி தெரிவது அதற்குப் பிறகுதான். நாம் போடும் "அம்மா" என்ற கூச்சல், வேலையெல்லாம் முடிந்தபின் மேலதிகாரி போடும் கையெழுத்து. மச்சான் காலில் ஆணை கீழே போகும் நரம்புகள் ஒழுங்காக இருந்தன. தூக்கினார், நடந்தார், ஊரையே மிதித்தார். சேதி மேலே கொண்டுபோகும் நரம்புகள்தான் எப்போதோ வேலையை நிறுத்தியிருந்தன. சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும். அது காலுக்கும் வந்து சேரும் என்பது தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்ல வேண்டும். "ஆங்" என்றார் மச்சான். சற்றுப் பொறுத்து மறுபடியும் "ஆங்". டாக்டரம்மா இழையை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். "ஆங்" என்றார் மச்சான், முன்னைவிட உறுதியாக. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"விரல் எலும்பு வரைக்கும் புண் போயிருக்கு. சுண்டு விரலை எடுத்துடணும். அதோட நின்னா சரி. கறுத்து மேல ஏறினா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்."

"வலிக்கவே இல்லியேம்மா."

"அதாங்க வியாதியே."

பிறகு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இடுப்பருகே முதுகெலும்பை ஒட்டி இருக்கும் நரம்பணுக்களின் இழைகள் கால் விரல் நுனி வரை ஓடுகின்றன. உடம்பிலேயே மிக நீளமானவை அவைதான். சர்க்கரை கைவைப்பதும் நீளமானவற்றின் நுனியில்தான் முதலில். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அப்போ என் காலு கடமடை. தண்ணி வரல, காஞ்சிடுச்சு" என்றார்.

விரலை எடுத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெறிக்கும் இரும்புக்கு அஞ்சாத மனிதர், தன் காலைப் பார்க்க அஞ்சினார். "நீ பாத்துச் சொல்லு மாப்ளே. கறுப்பு மேல ஏறிகீதா?" நான் பார்ப்பேன். அத்தனை கவனமாக எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை. "ஏறல மச்சான்." அவர் கை என் தோளில் சற்று நேரம் கனத்துக் கிடக்கும். கறுப்பு ஏறவே இல்லை. பாதம் தப்பியது.

இப்போது அவருக்கு லேத் இல்லை. உட்கார்ந்தபடி, கடைந்து வரும் சாமான்களை அளந்து பார்க்கும் வேலை. மிதிப்பதையும் நிறுத்திவிட்டார். "எவ்ளோ அழுத்தறேன்னு எனக்கே தெரியல. எவன் எலும்பாச்சும் போயிடும்" என்று வாசலுக்கு வருகிறவர்களிடம் சொல்லி, டீ கொடுத்து அனுப்புகிறார்.

தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் கண்டிப்பு. மற்ற நாட்களில் கண்ணாடியைத் தரையில் வைத்து அவரே பார்த்துக்கொள்கிறார். ஞாயிறுதோறும் நான் ஆவடியிலிருந்து போகிறேன். மாமனார் இல்லாததால் எங்கள் கல்யாணத்தில் என் காலைக் கழுவிவிட்டவர் அவர். இப்போது அவர் காலை என் மடியில் வைத்து, விரல் இடுக்குகளைத் துடைத்து, குதிகால்வரை தடவிப் பார்க்கிறேன். நான் தொடுவது அவருக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தால் தெரிவதுபோலத்தான் இருக்கும்.

போன ஞாயிறு அப்படி உட்கார்ந்திருக்கையில் எனக்குக் கண் கொஞ்சம் கலங்கிவிட்டது. என்னோடு வந்து கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவி, துடைப்பத்தை ஊன்றி நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"கல்யாணம் ஆகி இத்தினி வருசத்துல, என் கால் வெடிப்ப ஒரு நாளாச்சும் பாத்துகீறியா நீ?"