இத்தாலிக்குப் போன கையெழுத்து

இத்தாலி நாட்டு உதைபந்தாட்டத்தைப் பற்றி மண்டூரில் என்னைவிட அதிகம் படித்தவர் ஒருவரும் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். விளையாட்டில் எனக்கு ஒருநாளும் விருப்பம் இருந்ததில்லை. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று ஆட்கள் சண்டை பிடிக்கத் தொடங்கினால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுவேன். நான் படித்தது பயத்தில். அந்தப் பயம் போன வருட ஆவணித் திருவிழாவில் தொடங்கியது.

சந்தேகப்படுவது என் பிறவிக் குணம். இறால் வாங்கும்போது தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பேன். நான் வேலை செய்யும் நூலகத்துக்குப் புத்தகம் திரும்பி வந்தால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பேன். என் கணவர் உழவு இயந்திரம் ஓட்டுகிறவர். "உன்ர கண்ணுக்கு முருகனும் வேலத் திருடிக்கொண்டு வந்த ஆளாத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட நான் ஒரே ஓர் ஆளைச் சோதிக்காமல் விட்டேன்.

மகளுக்கு அப்போது பதினேழு வயது. பாடசாலை அணியில் இடது பக்கக் காப்பு ஆட்டக்காரி. அறுவடை முடிந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், தாள்கட்டை காலைக் குத்தக் குத்த ஓடிப் பழகியவள். திருவிழாவுக்கு இத்தாலியிலிருந்து வந்திருந்த ஒருவர் அவள் ஆடுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் கோயில் வீதியில் எங்களைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கையில் விலை கூடிய தொலைபேசி. அன்று எங்கள் குடியின் திருவிழா நாள்.

வெளியூரில் வாசிப்பவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடி தாய்வழியாக வரும். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் உண்டு. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் முன்பின் கண்டிராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அதனால் புதிய ஆளைக் கண்டால் நாங்கள் முதலில் கேட்பது ஒரு கேள்விதான். நானும் கேட்டேன்.

"நீங்க எந்தக் குடி?"

சொன்னார். எங்கள் குடி.

"அப்ப எனக்கு அண்ணன் முறையெல்லா?"

"பின்ன? இந்தப் புள்ள எனக்கு மருமகள். நேத்து வட்டைக்குள்ள பாத்தன்கா. ஆம்பிளப் புள்ளயளையும் விழுத்திப் போட்டெல்லோ போறாள்!"

மகள் வெட்கத்தில் என் தோளுக்குப் பின்னால் போனாள். அவர் தான் இருக்கும் ஊரில் ஒரு பெண்கள் கழகம் இருப்பதாகவும், அங்கே ஆசிய நாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்க விரும்புவதாகவும் சொன்னார். காசு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழித்திருப்பேன். அவர் கேட்டவை இரண்டு. ஒன்று, மகளின் கடவுச்சீட்டு. மற்றது, அவரை மகளின் பாதுகாவலராகக் காட்டும் ஒரு சத்தியக் கடதாசி.

"அங்க பொறுப்புக்குப் பெரியாள் ஒராள் இருக்கெண்டு காட்ட வேணும். தாய்மாமன் இருக்கக்குள்ள வேற ஆர தங்கச்சி?"

இரண்டு நாளில் கடதாசியைத் தானே ஆங்கிலத்தில் அடித்துக்கொண்டு வந்தார். சமாதான நீதவான் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர். மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"உங்கட அண்ணனா?"

"ஓம் சேர். எங்கட குடி."

அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். தலையாட்டிவிட்டு முத்திரையைக் குத்தினார். நான் கையெழுத்திட்டு, கடவுச்சீட்டையும் சேர்த்து அண்ணனிடம் கொடுத்தேன். ஒரு சொல்லும் என் மனதில் இடறவில்லை.

மூன்றாம் நாள் மகள் காலுறை கழுவிக்கொண்டே சொன்னாள். "மாமா சொல்றார், கோச்சிட்ட இப்ப ஒண்டும் கதைக்க வேணாமாம்."

"ஏனாம்?"

"ஆக்கள் பொறாமைப்படுவாங்களாம்."

அவளுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியரிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்றைக்குத்தான் தராசின் அடியைத் தடவாமல் விட்டது எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் நூலகத்தில் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். இத்தாலியில் உதைபந்தாட்டத்தை யார் நடத்துகிறார்கள், யார் யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று தேடினேன். ஆங்கிலத்தில் கிடைத்ததை நேராகவும், இத்தாலிய மொழியில் இருந்ததை இயந்திர மொழிபெயர்ப்பிலும் வாசித்தேன்.

துறைமுகங்களுக்கு வந்த ஆங்கில வியாபாரிகளோடுதான் பந்தும் அங்கே போயிருக்கிறது. பிறகு சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் அரசாங்கம் விளையாட்டைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. தெரிவான தலைவர்களின் இடத்தில் நியமனம் பெற்றவர்கள் வந்தார்கள், நகரங்களில் இருந்த கழகங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள், வெளிநாட்டவரை வெளியேற்றினார்கள். அந்தக் காலத்தில்தான் உலகக் கிண்ணத்தையும் வென்றார்கள். பல காலத்துக்குப் பின் யாரும் எண்ணிப் பார்க்காத ஓர் அணியிடம் தோற்ற அவமானத்தில், வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு மறுபடியும் கதவைச் சாத்தினார்கள். பிறகு பந்தயச் சூதாட்டம். ஆட்டம் நடந்த நாளிலேயே பொலிஸ் மைதானத்துக்கு வந்து ஆட்டக்காரர்களைப் பிடித்துப் போயிருக்கிறது. அதற்கும் பிறகு தொலைபேசி விவகாரம். எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்று தீர்மானிப்பவர்களோடு பெரிய கழகத்து ஆட்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது வெளியே வந்தது. வெற்றிக் கிண்ணம் பறிபோனது, நாட்டின் முன்னணிக் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது, உதைபந்தாட்டச் சங்கத்தின் தலைவர் விலகினார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டி ஞாபகம் வந்தது. இறுதியாட்டத்துக்கு நடுவரை வாவிக்கு அக்கரையிலிருந்துதான் அழைப்போம். அவர் பாதையில் ஏறி வருவார். ஆட்களையும் மோட்டார்சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். அந்தப் பாதையில் நடுவருக்குப் பக்கத்தில் நின்று யார் கதைக்கிறார் என்று பார்ப்பதற்கு, மோதும் இரண்டு கழகமும் தலைக்கு ஓராளை அனுப்பும். சில வேளை அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் கதைப்பதைப் பார்க்க மூன்றாவது ஆளும் போவதுண்டு. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இத்தாலிக்காரர் அந்தப் பாதையில் ஆள் போடவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு வேண்டியது அந்த வரலாற்றின் ஓரத்தில் கிடந்தது. அங்கே பெண்களின் ஆட்டம் நீண்ட காலம் வீட்டுக்கு வெளியே நின்ற பிள்ளை போல இருந்திருக்கிறது. உச்சப் பிரிவில் ஆடும் பெண்களைக்கூட அண்மைக் காலம்வரை தொழில்முறை ஆட்டக்காரர் என்று சட்டம் ஏற்கவில்லை. தொழில்முறை அல்லாத கழகங்களில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பதின்ம வயதில் கையெழுத்திட்ட பிள்ளையைக் கழகம் விடுவிக்காவிட்டால், இருபத்தைந்து வயதுவரை அவள் வேறெங்கும் ஆட முடியாது. அண்மையில் வந்த சட்டம் அந்தக் கட்டை நீக்கியதாக ஒரு பக்கம் சொன்னது. படிப்படியாகத்தான் நீங்குகிறது என்றது இன்னொரு பக்கம். நான் எதை நம்புவது?

கடைசியாக உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு விதி கண்ணில் பட்டது. பதினெட்டு வயதாகாத பிள்ளையை வேறு நாட்டுக் கழகத்தில் பதிய முடியாது. அதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. முக்கியமானது, பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடும்பம் அந்த நாட்டில் போய் வாழ்வது.

குடும்பம். நான் எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். அந்தச் சத்தியக் கடதாசி எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. என் மகள் ஒரு வீட்டுக்குள் குடும்பத்துப் பிள்ளையாக எழுதப்பட்டுப் போகப் போகிறாள். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. குடியைக் கேட்டேன். தெருவைக் கேட்கவில்லை.

அவர் அக்கரையில், குருமண்வெளியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். நானும் கணவரும் முதல் பாதையிலேயே போனோம். அவர் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, பாஸ்போட்டத் தாங்க."

"என்ன தங்கச்சி, விடியக் காலமையே? என்னில சந்தேகமா?"

"பதினெட்டு ஆகாத புள்ளய அங்க பதிய ஏலாதாமே."

"அதுக்குத்தானே அந்தக் கடதாசி!" வாயைக் கொப்பளித்துவிட்டு, கெட்டிக்காரத்தனத்தைப் பங்கு வைப்பவர் போலச் சொன்னார். "மாமன் வீட்டில இருக்கிற புள்ளயெண்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நான் உங்களோட கூடப்பிறக்கல்லயே."

"குடியில பிறந்தது காணாதா?"

கணவர்தான் முன்னால் வந்தார். சிரித்த முகத்தோடுதான் பேசினார். "மச்சான், புள்ள போறதும் விடுறதும் பிறகு பாப்பம். இப்ப ரெண்டையும் தாங்க."

அவர் தகராறு பண்ணவில்லை. உள்ளே போய்க் கடவுச்சீட்டை எடுத்து வந்து தந்தார். அவ்வளவு இலேசாகத் தந்தது எனக்கு இன்னும் பயத்தைக் கூட்டியது. கடதாசியை முந்தாநாளே தபாலில் இத்தாலிக்கு அனுப்பிவிட்டாராம். "நான் போய் எடுத்துக் கிழிச்சுப் போடுறன் தங்கச்சி. யோசியாதீங்க." அடுத்த கிழமை பயணமானார்.

மகள் இரண்டு கிழமை என்னோடு பேசவில்லை. ஏதும் தேவையென்றால் எனக்கு முன்னாலேயே தகப்பனிடம் சொல்வாள். "அப்பா, அம்மாட்ட சொல்லுங்க, சோத்துக்கு உப்பு இல்லயாம்." ஒருநாள் வெடித்தாள்.

"நீங்க ஆரத்தான் நம்புவீங்க? எனக்கு வந்த ஒரே ஒரு சான்ஸ்!"

"அவர நம்பித்தானே மகள் கையெழுத்து வெச்சன்."

"அப்ப அதையாவது ஒழுங்கா நம்பியிருக்கலாமே!"

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அவர் கெட்டவர் என்பதற்கு என்னிடம் அத்தாட்சி இல்லை. நல்லவர் என்பதற்கும் இல்லை. ஆனால் என் கையெழுத்து எங்கோ ஒரு மேசை லாச்சிக்குள் கிடக்கிறது என்ற நினைப்பு என்னை விடவில்லை. மறுபடியும் சமாதான நீதவானிடம் போனேன். முதல் கடதாசியை ரத்துச் செய்து இன்னொன்று எழுத வேண்டும் என்றேன்.

"குடிக்குள்ள பிறந்த ஆள அண்ணன் இல்லயெண்டு எழுதச் சொல்றீங்களா?"

"கூடப்பிறக்கல்ல எண்டு எழுதுங்க சேர்."

"நாளைக்குக் கோயில்ல கண்டா என்ன செய்வீங்க?"

"கண்டா அண்ணே எண்டுதான் கூப்பிடுவன்."

அவர் நீண்ட நேரம் பேனையை உருட்டினார். பிறகு எழுதினார். அதில் ஒப்பமிடுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் நான் மூன்று தடவை வாசித்தேன்.

அந்தக் கடதாசியின் பிரதியை வைத்து, கழகத்துக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். இப்படி ஒருவர் உங்கள் ஆளா, என் கையெழுத்தோடு ஒரு தாள் உங்களிடம் வந்ததா என்று கேட்டேன். கழகத்தின் பெயர் சங்கத்தின் பட்டியலில் உண்மையாகவே இருக்கிறதா என்று அவர்களுடைய பிராந்திய அலுவலகத்துக்கும் தனியாக எழுதினேன். அலுவலகத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது. பதிவு செய்யப்பட்ட கழகம்தான்.

கழகத்தின் பதில் பிறகு வந்தது. அந்த மனிதர் அணியின் பஸ்ஸை ஓட்டுகிறவர், ஜேர்சி கழுவுகிறவர், நல்ல உழைப்பாளி. ஆட்டக்காரரைத் தேடும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் தாள் எதுவும் எங்களுக்கு வரவில்லை. ஆனால் அவர் தொலைபேசியில் காட்டிய காணொளியைப் பயிற்றுநர் பார்த்தார். பதினெட்டு வயதான பின் உங்கள் மகள் விரும்பினால் தன் பெயரில் எழுதலாம். இரண்டு கிழமைப் பரீட்சைக்கு எந்த ஒப்பந்தமும் தேவையில்லை. எடுபட்டால் பதிவு ஒரு பருவத்துக்கு மட்டும்.

நான் மகளிடம் இதை மறைத்துவிடலாமா என்று ஒரு முழுநாள் யோசித்தேன். கோச்சிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நானும் மறைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கடிதத்தை அச்செடுத்து அவள் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தேன். வாசித்து முடித்தவள் சோற்றுக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்தாள்.

தை மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. விண்ணப்பத்தைத் தானே நிரப்பினாள். பெற்றோர் கையெழுத்துக்கு அதில் இடமே இருக்கவில்லை. நான் ஒவ்வொரு பந்தியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பயிற்றுநர் யார், தங்குமிடம் எது, அறைக் கதவைப் பூட்டும் திறப்பு யாரிடம்.

"இவ்வளவும் ஏன் அம்மா? எந்தக் குடி எண்டு ஒரு கேள்வி கேட்டா முடிஞ்சுதே!"

கணவருக்குச் சிரித்துப் புரைக்கேறியது. நான் சிரிக்கவில்லை.

வீசா கிடைத்த கிழமையில் என் தொலைபேசிக்கு இத்தாலியிலிருந்து ஒரு செய்தி வந்தது. "தங்கச்சி, மருமகள் வாறாவாமே. சந்தோசம். எயார்போட்டுக்கு நான் பஸ்ஸோட வாறன்."

"ஆர் இவருக்குச் சொன்னது?" என்று மகளைக் கேட்டேன்.

"அவர்தானேம்மா அங்க ட்றைவர். அவருக்குச் சொல்லாம ஆருக்குச் சொல்லுவாங்க?"

அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கழகத்துக்கு மறுபடியும் எழுதினேன். என் மகளை ஒரு பெண் வந்து அழைத்துப் போக வேண்டும், இல்லாவிட்டால் அனுப்ப மாட்டேன் என்று. பயிற்றுநரே வருவதாகப் பதில் வந்தது. மகள் அடையாளம் காண்பதற்காகத் தன் படமொன்றையும் அனுப்பியிருந்தார். கட்டையாகத் தலைமுடி வெட்டிய பெண், என் வயதிருக்கும், மைதானத்து வாசலில் நிற்கிறார். பின்னால் அணியின் பஸ்.

நூலகத்துக் கணினியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினேன். ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் இருப்பதுபோலத் தெரிந்தது. மேலும் பெரிதாக்கினேன். கண்ணாடியில் வெயில் பட்டு முகம் வெறும் வெள்ளையாகிவிட்டது.

பின்னேரம் வீட்டுக்கு வந்து, வீசாவுக்குக் கொடுத்த நாட்கள் போக, ஆறு மாதமாக அலுமாரியில் என் சேலைகளுக்கு அடியில் இருந்த கடவுச்சீட்டை எடுத்து மகளிடம் நீட்டினேன். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எல்லாம் பாத்திட்டீங்களா அம்மா?"

"பாக்கக் கூடினதெல்லாம் பாத்தன்" என்றேன். கடவுச்சீட்டிலிருந்து கையை எடுக்கத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.