துரையின் தரைப்படகு

தண்ணீரே இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் தினமும் படகு ஓட்டினார் என்றால் யார் நம்புவார்கள்? நான் என் கண்ணால் பார்த்தேன். மலாயாவில், பீடோருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையின் பங்களா, பின்வராந்தா. மரச்சட்டத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள். அவற்றின்மேல் சக்கரம் வைத்து முன்னும் பின்னும் ஓடும் சின்ன இருக்கை. பாதங்களைக் கட்டத் தோல்வார். இழுத்தால் திமிறித் திரும்பும் ஸ்பிரிங் வைத்த இரண்டு துடுப்புகள். தொந்தி விழாமல் இருக்கத் துரை காலையில் அதில் உட்கார்ந்து வேர்த்து வழிவார். அப்பா அங்கே சமையல்காரர். எனக்கு எட்டு வயது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அதே தோட்டத்தில் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போனவர். குளிர்காய்ச்சலில் இரண்டு மாதம் கிடந்து எழுந்தபோது எலும்பும் தோலுமாகிவிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் தேறி, விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், தோளில் வைக்கும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கும் நிறைந்த வாளிகளைத் தூக்கிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் அவருக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. இருந்த ஒரே உறவு என் அம்மா. இதையெல்லாம் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். என் காதில் கப்பல் மட்டும்தான் நன்றாக விழுந்தது. மாமா கப்பலில் போகப்போகிறார், அதற்குத்தான் துடுப்புப் போடப் பழகுகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துரை காரில் ஈப்போவுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். உடம்பு தேற அந்தப் படகில் பழகட்டும் என்று அப்பா மாமாவைப் பின்பக்கமாக உள்ளே விடுவார். துரையைப் பார்த்துப் பார்த்தே அப்பாவுக்குப் பாடம் ஏறியிருந்தது.

“மொதல்ல காலால தள்ளு மச்சான். அப்புறம் முதுகு, கடைசிலதான் கை. வெடுக்குனு இழுத்தா இடுப்பு புடிச்சுக்கும். வேட்டிய நல்லா சொருகு, சக்கரத்துல மாட்டிக்கப் போவுது.”

செம்மண் பாதையில் தூசி கிளம்புகிறதா என்று பார்ப்பது என் வேலை. பிடிபட்டால் அப்பாவின் வேலையும் போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒரு மாடு நடந்து தூசி எழுந்தாலும் உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிடுவேன்.

மூன்று ஞாயிறு நல்லபடியாகப் போனது. நாலாவது ஞாயிறு, மறுநாள் சோதனை. கிளம்புமுன் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். “எண்ணெ தடவாம கசரத்து பண்ணா நரம்பு சுண்டிக்கும்டா.” ஊரில் குஸ்திக்காரர்கள் அப்படித்தான் செய்வார்களாம். மாமாவின் தோள், முதுகு, உள்ளங்கை, ஒன்று விடாமல் தேய்த்தாள். அப்பா பார்த்திருந்தால் கையையாவது துடைக்கச் சொல்லியிருப்பார். அவர் குசினியில் இருந்தார்.

மாமா அன்று வெறி பிடித்தவர்போல இழுத்தார். சத்தம் கேட்டு நான் பாதையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அந்த நொடியில் துடுப்புகள் அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு பறந்தன. மல்லாக்க விழுந்தார். கால்கள் வாரில். இருக்கை ஓடி வேட்டியைச் சக்கரத்தில் சுருட்டிக்கொண்டது. “யக்கா!” என்று ஒரே அலறல். கூடவே, சாயங்காலம் ஆகுமுன்பே, வாசலில் துரையின் கார் ஹார்ன்.

அப்பா காய்கறிக் கத்தியோடு ஓடி வந்தார். மாமாவைக் குத்தப்போகிறார் என்றே நினைத்தேன். வேட்டியைத்தான் அறுத்தார். மாமா கோவணத்தோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கூனியபடியே ரப்பர் மரங்களுக்குள் ஓடினார்.

துரை வந்தபோது அப்பா கிழிந்த வேட்டியால் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். துரை கம்பியை ஒரு விரலால் தடவினார். எண்ணெய் பளபளத்தது. “பகுஸ்!” என்று மலாயில் மெச்சிவிட்டு உள்ளே போனார். அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தப்பித்துவிட்டோம் என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் பெரட்டில் மாமாவால் குனியவே முடியவில்லை. வாளிகள் தரையை விட்டு எழவில்லை.

அடுத்த வாரம் ரயிலடிக்குப் போக மாட்டுவண்டி வந்தது. மாமாவின் தகரப்பெட்டி ஏறியது. எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“மாமா, கப்பல்ல துடுப்ப ஒங்ககிட்டதான் குடுப்பாங்க. நல்லா பழகிட்டீங்கல்ல?”

அம்மா பளாரென்று அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

“புள்ளைய அடிக்காதக்கா,” என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, “ஆமாங் கண்ணு, எங்கிட்டதான் குடுப்பாங்க” என்றார். வண்டி வளைவில் மறையும்வரை நான் பெருமையாகக் கையாட்டினேன்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வழக்கம்போல அம்மாவின் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். அதே நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் விட்ட கையை உடனே வெளியே எடுத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு கிண்ணத்தை அப்பாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்னும் என்மேல்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.