வகிடு எந்தப் பக்கம்

ரீட்டா இறந்த செய்தி எங்கள் அன்பியத்தின், அதாவது கோயிலைச் சேர்ந்த எங்கள் பகுதிக் குடும்பங்களின், வாட்ஸப் குழுவில் காலையில் வந்தது. பால் பொங்குகிற நேரம். அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். மாரடைப்பு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், ஜெபியுங்கள் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு அவளுக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. அடுத்த வாரம் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், மணப்பெண் அலங்காரத்துக்கு இனி யாரைப் பிடிப்பது என்றுதான் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நம் பங்குக் கோயில் மடலைப் படிக்கிற பெண்கள் அநேகமாக எல்லோரும் ரீட்டாவின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தான். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பும் சந்தில், தன் வீட்டின் முன்னறையில் அவள் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, சுவர் நிறையக் கண்ணாடி, உள்வீட்டை மறைக்க ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். கணவர் அந்தோணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பிள்ளைகள் இல்லை. நான் அவளைவிட ஆறேழு வயது மூத்தவள், அன்பியத்தின் தலைவி என்ற பெயரும் எனக்கு உண்டு. அதனால் அவள் என்னை 'அக்கா, வாங்க, போங்க' என்பாள். நான் அவளை 'வா, போ' என்பேன். அது எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

மற்ற பார்லர்களில் பேச்சு ஓயாது. சீரியல், மாமியார், பக்கத்து வீடு என்று காது நிறைந்துவிடும். ரீட்டா புருவம் எடுக்கும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒருநாள் அவள் நூலை எடுத்து வைத்ததும் கேட்டேன், என்ன உனக்கு அவ்வளவு இறுக்கம் என்று. அவள் சிரித்தாள். "நூலோட ஒரு முனை பல்லுல இருக்குதுங்களே, எப்புடிங்க்கா பேசறது? வாய் சும்மா இருந்தா மனசு கண்டபக்கம் மேயுமுங்க. அதான் அதுக்கு ஒரு வேலை குடுத்துப்போடறது. ஒரு புருவத்துக்கு மூணு அருள்நிறை மரியே." யாருக்காக என்று கேட்டேன். "சேர்ல உக்காந்திருக்கறவங்களுக்குத்தானுங்க. வேற யாருக்கு?" நம் கோயிலுக்கு வராதவர்கள்தானே உன்னிடம் நிறைய வருகிறார்கள், அவர்களுக்குமா என்று நான் விடவில்லை. "புருவத்துல எழுதியிருக்குதுங்களாக்கா?" என்றாள்.

நான் வாராவாரம் ஜெபமாலை நடத்துகிறவள். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும்படி சொல்லுவேன். நான் அந்த நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு, வலிக்கிறது, சீக்கிரம் முடி என்று முணுமுணுத்த நேரமெல்லாம் என் முகத்துக்கு மேலே ஒருத்தி எனக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் சொன்ன அன்று எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு தவக்காலத்தில் நம் பங்கில் தியானப் பிரசங்கம் செய்ய வந்தவர் அலங்கார மோகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கினார். கேட்டுவிட்டு வந்த சூட்டில் நாங்கள் நாலைந்து பெண்கள் நேராக ரீட்டாவிடம் போனோம். எங்கள் புருவங்கள் எல்லாம் அவள் எடுத்துக்கொடுத்தவைதான். ஈஸ்டர் வரைக்கும் பார்லரை மூடிவைத்தால் நல்ல முன்மாதிரியாக இருக்கும் என்று நான்தான் பேச்சைத் தொடங்கினேன். அவள் கோபப்படவில்லை, பணியவும் இல்லை. "சாம்பல் புதனன்னைக்கு கோயில்ல என்னங்க்கா வாசிச்சாங்க? நோம்பு இருக்கறவங்க மூஞ்சியைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோணும்னுதானுங்களே? அதுக்கொரு ஆள் வேண்டாமுங்களா?" என்றாள். பிறகு எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். நாங்கள் டீயைக் குடித்துவிட்டு, இவளுக்கு வாய் அதிகம் என்று பேசிக்கொண்டே வீடு திரும்பினோம்.

அவளுடைய இன்னொரு வேலையும் உங்களுக்குத் தெரியும். பங்கில் எந்த வீட்டில் ஒரு பெண் இறந்தாலும், குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை சீவிவிட ரீட்டாவைத்தான் கூப்பிடுவோம். ஒருவரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை. எப்போதோ ஒரு வீட்டில் அதற்கு ஆள் இல்லை என்று போயிருக்கிறாள், அதுவே வழக்கமாகிவிட்டது. நாற்காலியில் ஆள் இருந்தால், எடுத்த வேலையை முடித்து அனுப்பிவிட்டு வந்துவிடுவாள்.

என் அம்மா இறந்தபோதும் வந்தாள். நான் கதவருகில் நின்றேன். உள்ளே அவள் யாரோடோ பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, நான் ரீட்டாங்க. கையைக் கொஞ்சம் தூக்கறேனுங்க. தண்ணி வெதுவெதுப்பாத்தானுங்க இருக்குது." எனக்கு எரிச்சலாக வந்தது. செத்த உடம்பிடம் என்ன நாடகம் என்று நினைத்தேன். சில நாள் கழித்து அவளிடமே கேட்டும்விட்டேன். அப்போது அவள் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "உசுரோட இருக்கறவங்களைச் சொல்லிப்போட்டுத்தானுங்க தொடறோம். புடிக்காட்டி வேண்டாம்பாங்க. இவங்களால வேண்டாம்னு சொல்ல முடியாதுங்களே. அப்ப இன்னும் மரியாதையாக் கேக்கோணுமில்லைங்க்கா?"

அம்மாவுக்குத் தலை சீவ, அம்மாவின் சீப்பையே கேட்டு வாங்கினாள். சீவி முடித்ததும் சீப்பைத் துடைத்து அம்மாவின் கைப்பக்கம் சவப்பெட்டிக்குள் வைத்தாள். எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வாள். இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச காலம் கழித்து ஒரு பேச்சு கிளம்பியது: பிணத்துக்குச் சீவுகிற சீப்பைத்தான் கடையிலும் வைத்திருக்கிறாளாம். சிலர் மெயின் ரோட்டில் புதிதாக வந்த ஏசி கடைக்குப் போகத் தொடங்கினார்கள். அன்பியக் கூட்டத்திலும் அந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. அம்மாவின் சீப்பு அம்மாவோடு மண்ணுக்குள் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதை விட்டுவிட்டு, கூட்டத்தில் கொடுத்த சுண்டல் நன்றாக வெந்திருக்கிறது என்று சொன்னேன்.

ரீட்டாவின் காதுக்கும் அது எட்டியிருக்கும், அவள் மறுக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருமுறை கேட்டாள், நம்மில் தீட்டு என்று ஒன்று இல்லை என்றுதானே சொல்லிக்கொள்கிறோம் என்று. நான் ஆமாம் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் இடது புருவத்தைத் தொடங்கினாள்.

இனி அந்தக் காலையைப் பற்றி. வந்திருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். வராதவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அவளை ஆஸ்பத்திரியில் சுற்றிக் கொடுத்த வெள்ளைத் துணியோடு கொண்டுவந்து உள்ளறைக் கட்டிலில் கிடத்தினார்கள். அவள் பக்கத்துச் சொந்தங்கள் ஈரோட்டிலிருந்து வர மதியம் ஆகும். நாங்கள் பெண்கள் பார்லர் அறையில் நின்றோம். வேலைகளைப் பங்கிட்டுக்கொள்வதில் எங்களைப் போல ஆள் கிடையாது. பாடகர் குழுவுக்கு ஒருத்தி, பீடத்துப் பூவுக்கு ஒருத்தி, ஃபாதரிடம் நேரம் கேட்க ஒருத்தி, வருகிறவர்களுக்குக் காபிக்கு ஒருத்தி. எல்லாம் மளமளவென்று முடிவாயின. அப்போது அந்தோணி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, இவளை யாருங்க குளிப்பாட்டறது?"

பங்கில் ஒரு சாவு என்றால் இந்தக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. அந்தப் பதில் உள்ளே கட்டிலில் படுத்திருந்தது. ஒருத்திக்கு முழங்கால், இன்னொருத்திக்கு பிரஷர், இன்னொருத்தி பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினாள். அவர்கள் எல்லோருடைய அம்மாவையும் மாமியாரையும் ரீட்டா குளிப்பாட்டியிருக்கிறாள். இவ்வளவுக்கும் பிறகு, கழுத்து வரைக்கும் பட்டுச்சேலையைப் போர்த்தி, மேலே நிறைய மல்லிகைச் சரம் போட்டுவிட்டால் ஒன்றும் தெரியாது என்று ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான்.

அந்தோணி எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் மனசுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "செரிங்க்கா, நானே பாத்துக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு வாளியில் வெந்நீர் விளாவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் ஜெபமாலை தொடங்கினோம். கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கக் கேட்க, நான் குரலை உயர்த்திச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு லேசாகத் திறந்தது. அவர் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கையில் ஒரு பல் உடைந்த சீப்பு.

"அக்கா, வகிடு எந்தப் பக்கமுங்க? தினமும் பாத்த தலைதானுங்க. இப்பப் பாத்து ஞாபகம் வரமாட்டேங்குது."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். வலது என்றாள் ஒருத்தி. இல்லை, இடது என்றாள் இன்னொருத்தி. கண்ணாடியில் வலது என்றால் நிஜத்தில் இடதுதானே என்றாள் மூன்றாமவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் அவளைக் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறோம். அதுவும் எங்கள் முகத்துக்குப் பின்னால் நிற்கிற ஆளாக. பார்த்துக்கொண்டிருந்ததோ எங்கள் முகத்தை. செல்போனைத் தேடினோம். கோயில் திருவிழாப் படங்களில் எல்லாம் அவள் தலையில் முக்காடு. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தில் வலைத்துணியும் பூவும் தலையை மூடியிருந்தன. என் வலது புருவம் இடதைவிட ஒரு இழை மேலே ஏறியிருப்பது அவளுக்குத் தெரியும். யாருக்கு எந்த இடத்தில் நரை தொடங்கியது, யாருக்கு எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் தெரியும். அவள் தலை வகிடு எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

அந்தோணி கதவைப் பிடித்துக்கொண்டு பதிலுக்காக நின்றார். என் வாழ்நாளில் அப்படி ஒரு வெட்கத்தை நான் பட்டதில்லை. அன்பு அதிகமாகி நான் உள்ளே போகவில்லை. அந்த மனிதரின் முகத்தை வெளியே நின்று பார்க்க முடியாமல்தான் போனேன். அவர் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டேன்.

உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். ஈரத்தலை முகத்தில் ஒட்டிக் கிடந்தது. தொடுவதற்கு முன்னால் நான் சொன்னேன், "ரீட்டா, தலையைக் கொஞ்சம் திருப்பறேனுங்க." அவளிடம் நான் அந்த 'ங்க'வைப் போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை. விரல் நுனியால் நெற்றியிலிருந்து உச்சி வரை தடவிப் பார்த்தேன். ஈர முடிக்கு நடுவே, பல வருஷம் சீவிச் சீவிப் படிந்த கோடு தட்டுப்பட்டது. நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, இடப்பக்கம். சீப்பை வைத்ததும் முடி தானாகவே பிரிந்து விழுந்தது. அந்தோணி சுவரில் சாய்ந்து நின்று, "ஆமாங்க்கா, அந்தப் பக்கந்தானுங்க" என்று அழுதார். சீப்பைத் துடைத்து அவள் கைப்பக்கம் வைத்தேன்.

அண்ணன் மகள் கல்யாணம் நடந்தது. அலங்காரத்துக்கு வந்த பெண் நன்றாகத்தான் செய்தாள், நிறையப் பேசினாள். நான் மணப்பெண்ணின் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், அந்தப் பெண்ணின் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதக் கடைசியில் ரீட்டாவின் முப்பதாம் நாள் திருப்பலி. எல்லோரும் வருவீர்கள், பூவும் பாட்டும் குறைவில்லாமல் இருக்கும். அவளுடைய ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தோணி பார்லர் சாமான்களைக் காட்டினார். நான் ஒன்றும் எடுக்கவில்லை. அந்தக் கதவு திறந்தபோது பட்ட வெட்கம் ஒன்று போதும், அதை நான் வைத்துக்கொள்கிறேன். ஃபாதர், அதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தோடு தீர்ந்துவிடும், மனசை விட்டு இறக்கிவிடுங்கள் என்றார். இறக்கிவைக்க எனக்கு இஷ்டமில்லை. அது இல்லாவிட்டால் நான் மறுபடியும் வாசலில் நின்று பூவைப் பற்றிப் பேசுவேன்.

போன வாரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் வயதான ஒரு அம்மா இறந்துபோனார். மகள் வாசலுக்கு வந்து, யார் பார்ப்பார்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அம்மாவின் சீப்பை எடுத்துக் கொடு என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

"அம்மா," என்றேன், "தொடறேனுங்க."