அரியாலைக் கரையில் நெற்கதிர் மணவறை

தை மாதத்து வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கண்டியிலிருந்து வந்த யாழ்ப்பாண பஸ்ஸில் மாத்தளையில் ஏறினேன். டிக்கெட் 1,120 ரூபாய். ஏ-9 வீதி எங்கள் ஊருக்குள்ளால்தான் போகிறது. ஆனாலும் முப்பத்துமூன்று வயதாகியும் அதன் மறுமுனையை நான் பார்த்ததில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் என் அறைத்தோழியாக இருந்த வதனிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மணவறையை அவளே கட்டப்போவதாகவும், ஆள் போதாது, மூன்று நாள் முந்தி வா என்றும் சொல்லியிருந்தாள்.

வவுனியாவில் பக்கத்து இருக்கைக்கு மீசாலைக்குப் போகும் ஓர் அம்மா வந்தார். என் மடியிலிருந்த பையை எட்டிப் பார்த்தார். கத்தரிக்கோல், கோணி ஊசி, இரண்டு பந்து தும்புக்கயிறு.

"தையல் வேலையோ பிள்ளை?"

"இல்லம்மா. கல்யாணத்துக்கு மணவறை கட்டப் போறேன்."

"உதெல்லாம் மண்டபக்காரர் செய்வினமே. காசைக் கட்டினால் பூவோடை வந்து நிப்பினம்."

"பொண்ணு அது வேணாம்னு சொல்றா."

"அப்ப பெடிச்சிக்குக் கொஞ்சம் துணிவுதான்" என்றார். ஆனையிறவு தாண்டியதும் பையிலிருந்து ஒரு தோடம்பழம் எடுத்துத் தந்தார்.

பிற்பகல் இரண்டு நாற்பது. சாவகச்சேரி, கைதடி, நாவற்குழிப் பாலம் எல்லாம் கடந்து அரியாலையில் இறங்கினேன். வதனி ஸ்கூட்டரில் காத்துக்கொண்டு நின்றாள். சாவகச்சேரியில் கணக்கு ரீச்சர், சிரிக்காமலே பகிடி விடுகிறவள். அன்று பகிடியும் விடவில்லை.

"ஏறு. வீட்டை பிறகு போவம். மண்டபத்திலை ஒரு பிரச்சினை."

மண்டபம் பத்து நிமிட ஓட்டம். மனேஜர் மரியாதையான மனிதர், எங்களுக்குக் குளிர்பானம் எடுப்பித்தார். வெளி அலங்காரம் எதையும் உள்ளே விடுவதில்லை என்பது மண்டபத்துச் சட்டமாம்.

"கதிர், ஓலை எண்டால் எறும்பு வரும், பூச்சி வரும் தங்கச்சி. எங்கடை பூ இருக்குத்தானே. எத்தினை கலியாணத்துக்கு நிண்ட பூ. ஒரு இதழ் வாடேல்லை."

"அதுதான் பிரச்சினை அண்ணை. அது வாடாது."

"மாப்பிள்ளையின்ரை மாமா நேற்றே ஓம் எண்டிட்டார்."

"கலியாணம் மாமாவுக்கோ?"

மனேஜர் பேனையை மூடி வைத்தார். மேடையில் வெள்ளை ரெஜிபோம் நுரை அட்டையில் வெட்டிய இரண்டு அன்னங்கள், கழுத்தைக் கழுத்தோடு சேர்த்து நின்றன. வதனி அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப மண்டபம் வேண்டாம்" என்றாள்.

முந்நூறு பேருக்கு அழைப்பு போயிருக்கிறது. கல்யாணத்துக்கு இடையில் இரண்டே நாள். வெளியே வந்ததும், "கொஞ்சம் யோசிச்சிருக்கலாமே" என்றேன். "ரெண்டு வருசமா யோசிச்சிட்டன்" என்று ஸ்கூட்டரை உதைத்தாள்.

மாலை ஐந்து மணி. வதனியின் வீடு கடல்நீரேரியிலிருந்து கல்லெறி தூரம். அவளுடைய அப்பா அப்போதுதான் கரைக்கு வந்திருந்தார். வலையை உதறி, இறாலைச் சாக்கில் கொட்டிப் பொறுக்கத் தொடங்கினார். நானும் குந்தினேன். இறாலுக்குள் வெள்ளை மணிகள். முதலில் ஏதோ முட்டை என்று நினைத்தேன். விரலில் ஒட்டிக்கொண்டபோதுதான் தெரிந்தது, ரெஜிபோம்.

"மண்டபங்களிலை உடைஞ்சதைக் கொண்டுவந்து கரையிலை கொட்டுவினம்" என்றார் அவர், நிமிராமலே. "மழை வர எல்லாம் தண்ணிக்குள்ளை. இறாலைப் பிடிக்கிற நேரம் கொஞ்சம், உதைப் பொறுக்கிற நேரம்தான் கூட."

குவியலுக்குள் கையை விட்டு ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் ஓர்க்கிட்டை எடுத்து எறிந்தார். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. என் கல்யாணத்திலும் மாத்தளையில் அதே ஊதா ஓர்க்கிட்தான் இருந்தது, அன்னமும் இருந்தது. அதெல்லாம் பிறகு எங்கே போயிற்று என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வதனியோடு வாதாட வைத்திருந்த வார்த்தைகளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

ஆறு மணிக்கு மாப்பிள்ளை குகனும் அவனுடைய தாய்மாமனும் வந்தார்கள். குகன் தென்மராட்சியில் வயல் செய்கிறவன். கமக்காரக் குடும்பம் கரையில் மீன்பிடிக்கிற வீட்டில் பெண்ணெடுப்பதா என்று இரண்டு வருடம் இழுபட்ட சம்பந்தம் இது. மாமா, போட்டுக் கொடுத்த கதிரையில் உட்காரவில்லை.

"மண்டபத்தை விட்டிட்டு எங்கை வைக்கப்போறியள்?"

வதனி கையைக் காட்டினாள். வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் வலை காயப்போடும் வெளி, நாலைந்து பரப்பு, ஏறக்குறைய கால் ஏக்கர், வெறும் மணல்.

"உதிலையோ தாலி கட்டுறது? கடற்கரையாக்கள் எண்டு தெரிஞ்சும் நாங்கள் சம்மதிச்சதே பெரிசு. சனம் என்ன கதைக்கும்?"

"சனம் ரெண்டு வருசமாக் கதைச்சுக்கொண்டுதானே இருக்குது மாமா. ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டிட்டுக் கதைக்கட்டும்."

"எங்கடை ஆக்கள் வரமாட்டினம்."

எல்லாரும் குகனைப் பார்த்தோம். அவன் மெலிந்த, அதிகம் பேசாத ஆள். "வாறவை வரட்டும் மாமா" என்றான். "கதிர் என்ரை வயல்லை நிக்குது. காலமை வெட்டுறன்."

மாமா தன் மோட்டார் சைக்கிளில் தனியே திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. குகனின் வயலுக்குப் பதினான்கு கிலோமீற்றர். தை அறுவடை தொடங்கி, பாதி வயல் மொட்டையாக நின்றது. இந்த மாதத்தில் இங்கே என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் எடுப்பது என்பது வதனியின் கணக்கு. நெற்கதிர் இருக்கிறது. மாரி மழையில் குளங்கள் நிரம்பியிருப்பதால் தாமரை இருக்கிறது. பொங்கலுக்கென்று நட்ட செவ்வந்தி இன்னும் பூக்கிறது. றோசாப்பூ வேண்டாம், அது வேறு ஊரிலிருந்து குளிரூட்டிய லொறியில் வரும். குகன் நெற்கதிரை வெட்டிக் கட்டுக் கட்டாகத் தர, நாங்கள் மணி உதிராமல் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கினோம். திரும்பும் வழியில் ஒரு குளத்தில் இறங்கித் தாமரை மொட்டுகள் பறித்தாள் வதனி, இடுப்பளவு தண்ணீரில், நாளை மறுநாள் மணப்பெண் என்ற எண்ணமே இல்லாமல். பிறகு நீர்வேலியில் குலையோடு நாலு வாழை, வழியில் கமுகம்பாளை. முந்நூறு பேருக்கும் இடம் மாறியதைச் சொல்லும் வேலையை அவளுடைய பாடசாலை ரீச்சர்மார் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். சிலர் போனிலேயே சிரித்தார்களாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பந்தல் வேலை தொடங்கியது. எனக்குக் கட்டத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான். பத்து மணிக் காற்றில் அது அவிழ்ந்தது. வதனியின் அப்பா வந்து பார்த்துவிட்டுப் போனார். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு ஆண்கள் ஏழு பேர் கூட வந்தார்கள். வாடைக் காற்றில் படகு கட்டிப் பழகிய கைகள். ஒரு மணித்தியாலத்தில் பந்தல் அசையாமல் நின்றது. கூரைக்குத் தென்னங்கிடுகு, தூணுக்குப் பனையோலைப் பின்னல், மணவறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நெற்கதிர்ச் சுவர். அதன் நடுவில் குருத்தோலையில் ஒரு பெரிய வட்டம்.

மூன்று மணிக்கு மழை வந்தது. நான் மேலே பிடிக்கப் படங்கு, தார்ப்பாய் ஏதாவது தேடி ஓடினேன்.

"விடு" என்றாள் வதனி. "நெல்லும் தாமரையும் மழை காணாத சாமானோ?"

பதினைந்து நிமிடத்தில் மழை விட்டது. நனைந்த ஓலையில் பச்சை இன்னும் துலங்கியது.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். மணலில் போட்ட கதிரைகளில், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பாதி காலி. அதை மறைக்க யாரும் முயலவில்லை. ஐயர் மணவறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கனகாலத்துக்குப் பிறகு தும்மாமல் மந்திரம் சொல்லப்போறன். மண்டபத்துப் பூவிலை ஒரே தூசு" என்றார். வதனி தலையில் செவ்வந்தி வைத்து, தலை நிமிர்ந்து வந்தாள். தாலி கட்டும் நேரம் சிட்டுக்குருவிகள் கதிர்ச் சுவரில் இறங்கி நெல் கொத்தத் தொடங்கின. குகனின் மூத்த அக்கா, வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர், கடைசி வரிசையில் இருந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் திறம் என்று சொல்லமாட்டேன். பதினொரு மணிக்கே தாமரைகள் கூம்பத் தொடங்கின. இடப்பக்கத் தோரணம் கோணலாகத் தொங்கியது, அது நான் கட்டியது. பட்டுச் சேலை கட்டியவர்கள் மணலைத் திட்டினார்கள். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் இடம் போதவில்லை. மாமா அந்தப் பந்திக்கும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணி. பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நெல்லை அடித்து ஒரு சாக்கில் எடுத்தாயிற்று. வைக்கோலும் வாழையும் ஓலையும் தனித்தனியே குவிந்திருந்தன. ஒழுங்கை முனையில் ஒரு லான்ட்மாஸ்டர் வந்து நின்றது. மாமா. யாரோடும் பேசாமல் இறங்கி வந்து, வைக்கோல் கட்டொன்றைத் தூக்கினார். அவருக்கு ஆறு மாடு என்று பிறகு அறிந்தேன்.

வதனி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, கேட்டிட்டு எடுங்கோ."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருடைய கையும் நின்றது. குகன் ஏணியில் நின்றபடி கீழே பார்த்தான், இறங்கவில்லை. மாமா கட்டைத் தோளில் வைத்தபடி கடல் பக்கம் பார்த்தார். பிறகு கட்டை மணலில் இறக்கினார்.

"மாட்டுக்கு எடுக்கட்டோ பிள்ளை?"

"ஓம் மாமா. எல்லாத்தையும் எடுங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டு எடுங்கோ."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். வதனியின் அப்பா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். இருவரும் இறால் விலை பற்றிக் கதைத்தார்கள்.

பத்தேகாலுக்குக் கண்டி பஸ் பிடித்தேன். பரந்தன் தாண்டியதும் மாத்தளையில் இருக்கும் என் தங்கைக்குப் போன் எடுத்தேன். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மண்டபக்காரர் நாளைக்கு வந்து அலங்காரத்துக்குப் படம் காட்டப்போகிறாராம், அன்னமா மயிலா என்று என்னைக் கேட்டாள்.

"ஆவணியில நம்ம பக்கம் என்ன பூக்கும்?" என்றேன்.

"தெரியலையேக்கா. நாம எப்ப அதெல்லாம் பார்த்தோம்?"

எனக்கும் தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர். மிளகுக் கொடிக்கும் கராம்பு மரத்துக்கும் நடுவில்தான் எங்கள் வீடு இருக்கிறது.

"நாளைக்கு ரெண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் நடந்து விசாரிப்போம்" என்றேன். "அந்த ஆள் வந்தா தேத்தண்ணி குடு. ஆனா எதுக்கும் சரின்னு சொல்லாதே."