காரம் கசக்கும்

எங்கள் பள்ளி விடுதிச் சமையற்கட்டில் பல வருடமாக வெந்துகொண்டிருந்தவர் சுபத்ரா அக்கா. ராஜகீழ்ப்பாக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். மிளகாய் வறுத்து வறுத்து நெஞ்சில் இழுப்பு வந்துவிட்டது. "அடுப்படியை விடும்மா" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. ஆனால் பத்தாம் வகுப்பு பாஸாகியிருக்க வேண்டும் என்றது நிர்வாகம். அக்காவுக்கு மற்ற பாடமெல்லாம் தேறி, அறிவியல் மட்டும் பாக்கி நின்றிருந்தது.

பாடம் கேட்க அவர் வந்து மாட்டியது என்னிடம். நான் மிருதுளா, வேதியியல் டீச்சர். நாள் முழுக்க ஒன்பதாம் வகுப்பிடம் கத்திவிட்டு, சிட்லபாக்கம் போய்க் கட்டிலில் விழுந்தால் போதும் என்றிருக்கும் நேரத்தில், ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வந்து உட்காருவார். எனக்குத் தலைவலி, அவருக்குத் தூக்கம். நல்ல ஜோடி போங்கள்!

முதல் நாளே தகராறு.

"காரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கக்கா."

"மிளகா, மிஸ்."

"அந்தக் காரம் இல்லக்கா, இது வேற. அமிலம் புளிக்கும், நீல லிட்மஸைச் சிவப்பாக்கும். காரம் கசக்கும், சிவப்பு லிட்மஸை நீலமாக்கும். தொட்டா சோப்பு மாதிரி வழுக்கும்."

"காரம் எப்டி மிஸ் கசக்கும்? எனக்கும் நாக்குன்னு ஒண்ணு கீதுல்ல?"

மறுநாள் நடுநிலையாக்கல். அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்றேன்.

"புளியும் காரமும் சேந்தா உப்பா? அப்ப ரசத்துக்கு உப்பே போட வேணாமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தால், பாவம், நிஜமாகவே கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்த அந்த மகானுபாவர் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி! கடைசியில் சமையற்கட்டிலிருந்து ஆப்பசோடா எடுத்துவரச் சொன்னேன்.

"இது காரம். சாப்பாட்டுல போடுற பொருள்ங்கறதால நாக்குல வெக்கச் சொல்றேன். லேப்ல எதையும் வாயில வெச்சுடாதீங்க."

ஒரு சிட்டிகை வைத்ததும் முகம் கோணியது.

"அட, கசக்குது மிஸ்! இத்த மொதல்லயே குடுத்திருக்கலாமே."

பரீட்சையில் பாஸாகிவிட்டார். ரிசல்ட் பார்த்து அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

ஆய்வகத்தில் அவருக்கு முதல் நாள். ரசாயனக் குப்பிகளைத் துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். பின்னால் ஒரே இருமல். எவனோ ஒரு குப்பியைச் சரியாக மூடாமல் வைத்திருக்கிறான். அக்காவின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர், நெஞ்சு இழுக்கிறது. கையைப் பிடித்து வெளியே வராந்தாவுக்கு இழுத்து வந்தேன். ஐயோ கடவுளே, எந்த நெஞ்சுக்காக இத்தனை பாடுபட்டோமோ அது இங்கேயும் இழுக்கிறதே!

மூச்சு கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்.

"அது இன்னா மிஸ்?"

"அம்மோனியா." அவர் முதுகைத் தடவிவிட்டேன். "காரம்."

சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது.

"இந்த வேலை உங்களுக்கு வேணாம்க்கா. நிர்வாகத்துகிட்ட நான் பேசுறேன்."

"ஐய, பேசாதீங்க மிஸ். திரும்ப அடுப்பாண்ட அனுப்பிடுவாங்க."

எழுந்தார். முந்தானையால் மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டு உள்ளே போய், அந்தக் குப்பியின் மூடியைத் திருகிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இங்க மூடுனா நின்னுடுது மிஸ்" என்றார். "அங்க மூடுறதுக்கு மூடியே கெடையாது."